வெளிநாட்டில் ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறீர்களா? பதிவிலிருந்து மதிப்பெண் வரை

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸை எழுதப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு படித்திருக்கிறீர்கள்?" என்பதல்ல. "மதிப்பெண்ணை யாரிடம் காட்டப் போகிறீர்கள்?" என்பதுதான். பல்கலைக்கழகத்திலா, குடிவரவுத் துறையிலா, செவிலியர் கவுன்சிலிலா? இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் கட்டணம் கட்ட இன்னும் வேளை வரவில்லை. ஆங்கிலம் நன்றாக வந்தும் இந்தத் தேர்வில் பணத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. தேவையில்லாத வகையை எழுதியிருப்பார்கள், முடிவு வருவதற்குள் கடைசித் தேதி போயிருக்கும், அல்லது பதிவில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. இவற்றையெல்லாம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் செலவழித்தால் தவிர்க்கலாம்.

எந்தத் தேர்வு, அதில் எந்த வகை

ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு வகை. லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் இரண்டிலும் ஒன்றேதான். ரீடிங்கும் ரைட்டிங்கும் மாறும். கல்லூரிப் படிப்புக்கும் பெரும்பாலான தொழில் பதிவுகளுக்கும் அகாடமிக் கேட்பார்கள். திறன்மிக்க தொழிலாளர்கள் கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு ஜெனரல்தான் வேண்டும். அகாடமிக்கில் 9க்கு 8 வாங்கி வைத்திருந்தாலும் அங்கே அது செல்லாது. பிடிஇ என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களுக்கும் இதே பொறி காத்திருக்கிறது. பிடிஇ அகாடமிக் வேறு, பிடிஇ கோர் வேறு. கனடா குடியேற்றத்துக்குக் கோர்தான் எடுபடும்.

பிரிட்டன் என்றால் இன்னொரு சிக்கல். சில விசாக்களுக்கு "ஐஇஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ" என்ற பெயரில், அந்நாட்டு உள்துறை ஒப்புதல் தந்த மையத்தில் மட்டுமே எழுத வேண்டும். தேர்வின் அமைப்பும் கடினமும் சாதாரண ஐஇஎல்டிஎஸ் போலத்தான் இருக்கும், கட்டணம் மட்டும் கூடுதல். ஆனால் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களிடம் சாதாரண ஐஇஎல்டிஎஸ்ஸையே ஏற்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. ஆகவே அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

டோஃபல், டுவோலிங்கோ என்று வேறு தேர்வுகளும் இருக்கின்றன. டுவோலிங்கோவை வீட்டிலிருந்தே எழுதலாம், செலவும் குறைவு. ஆனால் வீட்டிலிருந்து எழுதும் தேர்வுகளை முக்கியமான குடிவரவுத் துறைகள் ஏற்பதில்லை. பல்கலைக்கழகம் சரி என்று சொல்லிவிட்டது, விசா அதிகாரி வேண்டாம் என்கிறார் என்ற நிலை வரலாம். இரண்டு இடத்திலும் செல்லும் தேர்வு எதுவோ அதை எழுதுங்கள். மருத்துவத் துறையினருக்கு ஓஇடி என்று தனித் தேர்வு இருக்கிறது. தினமும் நோயாளிகளோடு பேசிப் பழகியவர்களுக்கு அது இலகுவாகப் படலாம்.

அடுத்து, எவ்வளவு மதிப்பெண் வேண்டும். இங்கேதான் பலர் பாதியை மட்டும் படிக்கிறார்கள். "மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6க்குக் குறையக் கூடாது" என்று நிபந்தனை இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6.5 வாங்குகிறார். கூட்டினால் 26.5, நான்கால் வகுத்தால் 6.625, கிட்டத்தில் இருக்கும் அரை பேண்டுக்கு (இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை பேண்ட் என்பார்கள்) இறக்கி 6.5 என்று போடுவார்கள். மொத்தம் கிடைத்துவிட்டது, ஆனாலும் ரைட்டிங்கால் விண்ணப்பம் நிற்கும். பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 கேட்கிறது. எனவே உங்கள் இலக்கை ஒரே எண்ணாக எழுதாமல் நான்கு எண்களாக எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

விண்ணப்பத்தின் கடைசி நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கணினியில் எழுதினால் முடிவு சில நாட்களில் வந்துவிடும். தாளில் எழுதினால் 13 நாள் ஆகும். அதற்கு முன்னால், ஒருவேளை மறுபடியும் எழுத வேண்டி வந்தால் அதற்குப் படிக்கவும் இடம் கிடைக்கவும் ஆறு வாரமாவது ஒதுக்குங்கள். இப்படிப் பின்னோக்கி வந்தால் முதல் தேர்வை எப்போது எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும். ரொம்பவும் முன்கூட்டி எழுதுவதும் ஆபத்து, மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். குடியேற்ற வரிசையில் காத்திருக்கும்போதே காலாவதியானால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

தாளா, கணினியா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் தட்டச்சு ஓரளவு வருகிறவர்கள் யோசிக்காமல் கணினிக்குப் போகலாம். எழுதியதை அழித்துத் திருத்த முடியும், சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும், தேர்வு நாட்களும் அதிகம். தாள் தேர்வு பல நாடுகளில் குறைந்துகொண்டும் வருகிறது.

பதிவும் பாஸ்போர்ட்டும்

நீங்கள் குடிமகனாக இல்லாத நாட்டில் எழுதும்போது அடையாளத்துக்கு பாஸ்போர்ட்தான் வேண்டும் என்பார்கள். நகல் செல்லாது, செல்போனில் இருக்கும் படமும் செல்லாது. பதிவின்போது கொடுத்த அதே பாஸ்போர்ட்டைத் தேர்வன்று கையில் வைத்திருக்க வேண்டும். இது எளிதாகத்தான் தோன்றும். ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்களின் பாஸ்போர்ட் எப்போதும் அவர்களிடமே இருப்பதில்லை: விசா நீட்டிப்புக்காகக் குடிவரவு அலுவலகத்தில் இருக்கும், வேறு நாட்டு விசாவுக்காகத் தூதரகத்தில் இருக்கும், புதுப்பிக்கக் கொடுத்திருப்பார்கள். தேர்வு வாரத்தில் அது எங்கே இருக்கும் என்று பதிவுக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து எண் மாறிவிட்டால் தேர்வு நாள் வரை காத்திருக்காமல் உடனே மையத்துக்குத் தெரிவியுங்கள்.

பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே எழுத்துகளில், அதே வரிசையில் நிரப்புங்கள். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, அலுவலகத்தில் வேறொரு வடிவம் என்று மூன்று பெயரோடு திரிகிறவர்கள் நம்மில் அதிகம். இங்கே பாஸ்போர்ட் சொல்வதுதான் சட்டம். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் என்றால் படிவத்தில் என்ன போடுவது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மையத்துக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் தந்த பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். பக்கத்து நாட்டில் மலிவாக இருக்கிறதே என்று அங்கே போய் எழுதுவதில் தடை ஒன்றும் இல்லை, ஆனால் பயணச் சீட்டையும் தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்னொன்று: ஸ்பீக்கிங் அதே நாளில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். மற்ற மூன்று பகுதிகளுக்கு ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோ வரை அதை வைக்கலாம். இரண்டு தேதியும் உறுதியான பிறகே பயணச் சீட்டு. தேதியை மாற்றுவது, ரத்து செய்வது பற்றிய விதிகளையும் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். தேர்வு நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை சுருங்கும்.

"இன்ன நாட்டில் எழுதினால் பேண்ட் தாராளமாகப் போடுவார்கள்" என்று ஒரு பேச்சு எப்போதும் உலவும். நம்பாதீர்கள். எல்லா நாட்டிலும் மதிப்பிடும் அளவுகோல் ஒன்றே.

படிப்பு: எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்

படிக்கத் தொடங்கும் முன், நேரம் வைத்து ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். தேர்வை நடத்துகிறவர்களின் தளங்களிலேயே இலவச மாதிரிகள் கிடைக்கும். லிசனிங்கில் 40, ரீடிங்கில் 40 கேள்விகள். லிசனிங்கிலும் அகாடமிக் ரீடிங்கிலும் சுமார் 30 சரியாக இருந்தால் 7 பேண்ட். ஜெனரல் ரீடிங்கில் அதே 7க்குச் சுமார் 34 தேவை, ஏனென்றால் பத்திகள் எளிது. எந்தப் பகுதி இலக்குக்குக் கீழே இருக்கிறதோ அதற்கே நேரத்தில் பெரும்பங்கைக் கொடுங்கள். ஏற்கெனவே 8 வாங்கும் லிசனிங்கைத் தினமும் போட்டுக் கேட்டுச் சந்தோஷப்படுவது படிப்பில் சேராது.

லிசனிங் அரை மணி நேரம், ஒவ்வொரு ஒலிப்பதிவும் ஒரே முறைதான். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, வட அமெரிக்க உச்சரிப்புகள் வரும். முதல் பகுதியிலேயே ஒரு சின்னத் தந்திரம் இருக்கும்: பேசுகிறவர் "செவ்வாய்க்கிழமை" என்பார், அடுத்த மூச்சில் "இல்லை இல்லை, அன்று விடுமுறை, வியாழன்" என்று மாற்றுவார். கேட்டதும் எழுதிவிட்டுக் கேள்வியை மறந்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். "இரண்டு சொற்களுக்கு மிகாமல்" என்றால் மூன்றாவது சொல் விடையையே கெடுத்துவிடும். எழுத்துப் பிழைக்கும் மதிப்பெண் போகும். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா அமெரிக்கமா என்று கவலைப்பட வேண்டாம், இரண்டும் செல்லும். தாள் தேர்வில் விடைகளைப் பெயர்த்தெழுதக் கடைசியில் 10 நிமிடம் உண்டு. கணினியில் சரிபார்க்க 2 நிமிடம் மட்டுமே.

ரீடிங்கில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நொடிகூட இல்லை. கடினமான சொற்களைவிட "ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்" கேள்விகள்தான் ஆளைக் கவிழ்க்கும். பத்தியில் இப்படி இருக்கிறது என்று கொள்ளுங்கள்: "நூலகம் கட்ட ஆன செலவில் பெரும்பகுதி நன்கொடையாக வந்தது." கேள்வி ஒன்று: "கட்டடச் செலவு முழுவதையும் அரசே ஏற்றது." பத்தி இதை மறுக்கிறது, எனவே ஃபால்ஸ். கேள்வி இரண்டு: "நன்கொடை தந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள்." தந்தது யார் என்று பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. நூலகம் என்றால் ஆசிரியர்கள்தானே தந்திருப்பார்கள் என்று நம் மனம் கதை கட்டும். அப்படித் தோன்றினாலும் விடை நாட் கிவன்தான். ஃபால்ஸ் என்று போட வேண்டுமானால் அதை மறுக்கும் வாக்கியத்தின்மேல் உங்களால் விரலை வைக்க முடிய வேண்டும். வைக்க முடியவில்லையா, நாட் கிவன். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

ரைட்டிங்: அதிகம் பேர் தடுமாறும் இடம்

ஒரு மணி நேரத்தில் இரண்டு பணிகள். முதலாவது குறைந்தது 150 சொல், இரண்டாவது குறைந்தது 250 சொல். இரண்டாவதற்கு முதலாவதைப் போல இரு மடங்கு எடை. ஆகவே 20 நிமிடம், 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரைபட விவரிப்பில் மூழ்கி நேரத்தைத் தொலைக்கிற பழக்கம் உள்ளவர்கள் இரண்டாவதை முதலில் எழுதினாலும் தவறில்லை.

அகாடமிக்கில் முதல் பணி வரைபடம், அட்டவணை, செயல்முறை என்று ஏதாவது ஒன்றை விவரிப்பது. எல்லா எண்ணையும் வரிசையாக ஒப்பிப்பது பெரிய தவறு. மொத்தத்தில் எது கூடுகிறது, எது குறைகிறது, எது எல்லாவற்றையும்விட அதிகம் என்று இரண்டு வாக்கியத்தில் ஒரு பருந்துப் பார்வை கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் மொழி எவ்வளவு அழகாக இருந்தாலும் பேண்ட் ஏறாது. ஏன் கூடியது என்று உங்கள் ஊகத்தை எழுதவும் வேண்டாம், கேட்கவில்லை. ஜெனரலில் முதல் பணி கடிதம். கொடுத்திருக்கும் மூன்று குறிப்புகளையும் தொட்டாக வேண்டும், நண்பருக்கா மேலாளருக்கா என்பதற்கேற்பத் தொனி மாற வேண்டும்.

இரண்டாவது பணி கட்டுரை. "நகர மையங்களில் தனியார் கார்களைத் தடை செய்ய வேண்டும் என்கிறார்கள். எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டால் பலர் காற்று மாசைப் பற்றி 300 சொல்லுக்கு அருமையாக எழுதிவிட்டு எழுந்து வருவார்கள். கேள்வி மாசைப் பற்றியதல்ல, தடையைப் பற்றியது. தடை வேண்டுமா, வேண்டாமா, சில நேரங்களில் மட்டுமா? உங்கள் நிலை முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும், கடைசிப் பத்தி வரை மாறாமல் நிற்க வேண்டும். எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் எடுத்து இரண்டு காரணங்களைக் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் "அதனால் என்ன?" என்று ஒரு முறை கேளுங்கள். "பேருந்துகள் விரைவாகப் போகும்." அதனால் என்ன? "கார் இல்லாதவர்களும் வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேருவார்கள்." இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் வாதம் உருப்பெறுகிறது. பத்துக் காரணத்தை அடுக்குவதைவிட இரண்டை இப்படி நீட்டுவது மேல்.

"எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்", "இன் திஸ் மாடர்ன் எரா" போன்ற மனப்பாட வாக்கியங்களை விட்டுவிடுங்கள். திருத்துகிறவர் அவற்றை அன்றைக்கே பல முறை பார்த்திருப்பார். கேள்வியில் உள்ள சொற்களை அப்படியே பெயர்த்து எழுதுவதாலும் பயன் இல்லை. மதிப்பெண் நான்கு அளவுகோலில் விழுகிறது: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, கருத்துகள் கோவையாக வருகின்றனவா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. இலக்கணத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால் நாலில் ஒரு பங்குதான் நகரும்.

பயிற்சியின்போது ஸ்பெல் செக், ஆட்டோகரெக்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள், தேர்வுத் திரையில் அவை கிடையாது. எழுதியதை யாராவது திருத்தித் தர வேண்டும். தனியாக எழுதிக் குவிப்பதில் அதே பிழை இன்னும் உறுதியாகப் பதியும். காசு கொடுத்துக் கோச்சிங் போவதானால் இந்தத் திருத்தத்துக்காக மட்டும் போங்கள் என்பேன். மற்றதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பீக்கிங்

11 முதல் 14 நிமிடம், ஒரு தேர்வாளரோடு நேருக்கு நேர். சில மையங்களில் காணொளி வழியாக. முதலில் வீடு, வேலை, விருப்பம் பற்றிய எளிய கேள்விகள். அப்புறம் ஓர் அட்டை தருவார்கள்: ஒரு நிமிடம் குறிப்பெடுக்கலாம், பிறகு இரண்டு நிமிடம் வரை நீங்களே பேச வேண்டும். கடைசியில் அதே பொருளை ஒட்டிக் கொஞ்சம் ஆழமான உரையாடல்.

ஆங்கிலேயர் போல் பேச முயல வேண்டாம். உங்கள் உச்சரிப்புச் சாயலுக்காக மதிப்பெண் குறைப்பதில்லை. புரிகிறதா, சொல்லில் சரியான அசையை அழுத்துகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். கருத்து சரியா தப்பா என்பதும் கணக்கில் இல்லை. தேர்வாளர் நடுவில் வெட்டினால் பதறாதீர்கள். நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவே. செல்போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து திரும்பக் கேட்பது கூச்சமாக இருக்கும், ஆனால் எங்கே திக்குகிறீர்கள், எந்தச் சொல்லையே மறுபடி மறுபடி பிடித்துத் தொங்குகிறீர்கள் என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும்.

தேர்வு நாள்

ஊர் புதிது என்றால் முந்தின நாளே மையத்தின் வாசல் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு கட்டடம், வார இறுதியில் ஓடாத ரயில், இதெல்லாம் முந்தின நாள் தெரிந்தால் சமாளிக்கலாம். தாமதமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள்.

பையும் செல்போனும் கைக்கடிகாரமும் வெளியே வைக்க வேண்டும். லேபிள் இல்லாத ஒளிபுகும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகலாம். புகைப்படம் எடுப்பார்கள், பல மையங்களில் விரல்ரேகையும் உண்டு. லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றும் இடைவேளை இல்லாமல் தொடரும், மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கழிப்பறைக்குப் போகலாம், போன நேரத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். ஹெட்ஃபோனில் சத்தம் சரியாக வரவில்லை, திரை உறைந்துவிட்டது என்றால் அந்தக் கணமே கையைத் தூக்குங்கள். தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்தபின் புகார் எழுதினால் பலன் கிடைப்பது கடினம்.

முடிவு வந்தபின்

இலக்கு நான்கும் கிடைத்துவிட்டால் சரி, எந்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டுமோ அங்கே மதிப்பெண்ணைத் தேர்வு மையத்தின் வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கையிலிருந்து போகும் நகலைப் பல இடங்களில் ஏற்பதில்லை.

ஒரு பகுதியில் மட்டும் அரை பேண்ட் குறைந்திருந்தால் மூன்று வழிகள். ஒன்று, மறுமதிப்பீடு: தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கேட்க வேண்டும், மதிப்பெண் மாறினால் கட்டிய கட்டணம் திரும்பி வரும். ரைட்டிங், ஸ்பீக்கிங் என்றால் கேட்டுப் பார்ப்பதில் ஓரளவு அர்த்தம் இருக்கிறது, அவை மனிதர் தீர்ப்பு. லிசனிங்கும் ரீடிங்கும் சரி-தவறு எண்ணிக்கைதான், அவற்றுக்குப் பணம் கட்ட நான் சொல்ல மாட்டேன். இரண்டு, ஒன் ஸ்கில் ரீடேக்: கணினியில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஒரே ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். எல்லா மையத்திலும் இந்த வசதி இல்லை, எல்லா நிறுவனமும் இதை ஏற்பதும் இல்லை, எனவே விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள். மூன்று, முழுத் தேர்வையும் திரும்ப எழுதுவது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், கட்டுப்பாடு உங்கள் பணப்பை மட்டும்தான். ஆனால் ரைட்டிங்கில் 5.5 வாங்கியவர் அடுத்த வாரமே போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் அதே 5.5தான் வரும். இடையில் யாரிடமாவது எட்டுப் பத்துக் கட்டுரைகளையாவது கொடுத்துத் திருத்தி வாங்கிவிட்டு அடுத்த தேதியைப் பிடியுங்கள்.